மரத்தடியில் மறந்த துவக்கு

அமெரிக்காவுக்குப் போய் வந்தோர் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியும் நியூயோர்க் நகரத்தின் மாடமாளிகைகளைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நாம் எழுதப் புகுந்திருப்பதோ துருப்பிடித்த ஒரு துவக்கைப் பற்றி. அதைக் காண்பதற்கென்றே ஏறத்தாழ 230 மைல் பாலைவழியே மோட்டார் வண்டியிற் சென்றோமென்று சொன்னால், கல்லூரியில் நம்முடன் கற்பிக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கட்டும்.

நம் தங்கை யூற்றா மாநிலத்துச் சோல்ற் லேக் நகரிற் குடும்பத்தோடு வாழ்கிறாள். ஆவணி விடுமுறையில் அவளைப் பார்க்கச் சென்றிருந்தோம். ஒரு சனிக்கிழமை விடியற்புறத்தில், இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, மைத்துனர் வண்டியை ஓட்ட, தங்கையும் பன்னிரண்டு வயது மருமகனும் நாமுமாகப் புறப்பட்டோம். தெல்ற்றா என்னும் சிற்றூரையும் அதன் அயலையும் கடந்தபின் எண்பது மைலளவுக்கு வீடில்லை, கடையில்லை, நிழலுக்கு ஒரு மரமில்லை. தெருவின் தென்புறத்தில் செவியர் என்னும் ஏரி வெண்மையாகப் பரந்து கிடந்தது. ஏரியென்பது பெயரளவில்தான், பெரும்பாலான காலங்களில் அதில் நீரைக் காண்பதரிது. ஆனையிறவு உப்பளத்தை எத்தனையோ தரம் கடந்து சென்ற கண்களுக்கு அக்காட்சி புதிதாகத் தோன்றவில்லை. இந்தப் பிரதேசத்திற் பெய்யும் மழை எந்தக் கடலையும் சென்று சேர்வதில்லை; மலைகளுக்கிடையே தேங்கி, வற்றி, உப்பாகிப் போகிறது. அதனாலேயே பெரிய கிண்ணம் என்னும் கருத்துப்பட இதனைக் கிரேற் பேசின் என்கிறார்கள்.

நெவாடா மாநிலத்தின் எல்லையை அடைந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கினோம். காற்றில் ஒரு மூலிகை வாசம் வீசிற்று. நிலமெங்கும் முழங்காலளவு உயரத்தில் சாம்பல் நிறச் செடிகள். இவை நம் மாசிப்பத்திரியின் குலத்தைச் சேர்ந்தவை என்று மருமகனுக்குச் சொன்னோம். அவன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத் தாயிடம் நீட்டினான். இந்த 50 ஆம் இலக்கப் பெருந்தெருவின் நெவாடாப் பகுதியை 1986 ஆம் ஆண்டில் 'லைஃப்' என்னும் சஞ்சிகை அமெரிக்காவின் மிகத் தனிமையான தெரு என்று எழுதிற்று. அதற்காக அவ்விடத்தார் சினந்துகொள்ளவில்லை. அந்தப் பெயரையே பலகைகளில் எழுதித் தெருவோரத்தில் நட்டுவிட்டார்கள்.

அதே 1986 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதுதான் கிரேற் பேசின் தேசிய பூங்கா. பூங்கா என்றதும் புல்வெளியையும் ஊஞ்சலையும் எண்ணிவிடுதல் கூடாது. இஃது 77,000 ஏக்கர் மலையும் காடும். இதன் நடுவே எழுந்து நிற்கும் வீலர் சிகரம் 13,063 அடி உயரமானது. நம் பீதுருதாலகாலையோ 8,281 அடி. இம்மலையின் உச்சிச் சரிவிலேதான் உலகில் மிக நீண்ட காலம் வாழும் பைன் மரங்கள் நிற்கின்றன. 1964 ஆம் ஆண்டில் இங்கே ஆய்வு செய்ய வந்த மாணவர் ஒருவர், வனத்திணைக்களத்தின் அனுமதியோடு அவற்றுள் ஒன்றை வெட்டுவித்தார். வெட்டியபின் வளையங்களை எண்ணினால் 4,862 இருந்தன. அதுவரை எண்ணப்பட்ட மரங்களுள் அதனிலும் மூத்தது வேறொன்றில்லை! அவருடைய துளைக்கருவி மரத்துக்குள் சிக்கிக்கொண்டதனாலேதான் மரத்தை வெட்ட நேர்ந்ததென்றும் ஒரு கதை உண்டு; கதையைப் பலர் பலவாறு சொல்கிறார்கள். கருவியைத் தொலைக்க அஞ்சி மரத்தைத் தொலைத்த கதையென்று மைத்துனர் சொன்னார்.

நாம் பார்க்க வந்த பொருள், பூங்காவின் பார்வையாளர் நிலையத்திலே கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. வின்செஸ்ரர் நிறுவனத்தின் 1873 ஆம் ஆண்டு மாதிரி றைபிள். குழல் முழுவதும் கபில நிறத் துரு. மரப்பிடி வெயிலிலும் பனியிலும் கிடந்து வெளுத்துச் சாம்பல் நிறமாகி, நீளவாட்டில் வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையிற் பல்லாண்டு கிடந்த தோணிப் பலகையை நினைத்துக்கொண்டால் அந்த நிறம் விளங்கும்.

2014 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 6 ஆந் திகதி, பூங்காவின் தொல்பொருட் பிரிவைச் சேர்ந்தோர் மலைச்சரிவொன்றில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோது, ஜூனிப்பர் மரமொன்றிற் சாய்த்து வைத்தபடியே இது நிற்கக் கண்டார்கள். அடிப்பாகம் நாலைந்து அங்குலத்துக்கு மண்ணிலும் சருகிலும் புதைந்திருந்தது. ஜூனிப்பரின் பட்டையும் நாராக உரிந்து சாம்பலும் கபிலமுமாகவே இருக்கும். ஆகவே துவக்கையும் மரத்தையும் பிரித்தறிவது எளிதன்று. எத்தனை மாட்டுமேய்ப்பர்கள், எத்தனை சுற்றுலாப் பயணிகள் பக்கத்தாற் போயிருப்பார்கள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்நாட்டிலே 1979 ஆம் ஆண்டின் சட்டமொன்று, அரசநிலத்திற் காணப்படும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைக் காக்கிறது. கண்டவன் எடுத்துப் போகலாகாது. இதைக் கண்டவர்கள் அதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் என்பது நல்லூழ்தான்.

அங்கிருந்து துவக்கு வையோமிங் மாநிலத்துக் கோடி நகரிலுள்ள சுடுகலன் நூதனசாலைக்கு அனுப்பப்பட்டது. உதிர்ந்துகொண்டிருந்த மரத்தை மேலும் உதிராதபடி அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். பின்னர், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று அறிய அவ்வூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று எக்ஸ்-கதிர்ப் படம் பிடித்தார்கள். நோயாளியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் 'றைபிள்' என்று எழுதினார்களாம். சுடும் அறையில் தோட்டா இல்லை. ஆனால் மரப்பிடியின் அடியிலே, குழலைத் துடைக்கும் கம்பியை வைப்பதற்கென அமைந்த துவாரத்துள் ஒரேயொரு தோட்டா ஒளிந்திருந்தது. அது 1887 ஆம் ஆண்டுக்கும் 1911 ஆம் ஆண்டுக்கும் இடையிற் செய்யப்பட்ட வகை.

மாணவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கலாம். துவக்கின் இலக்கத்தைக் கொண்டு பழைய பதிவேட்டைப் புரட்டியதில் அது 1882 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டதென்று தெரிந்தது. யாருக்கு விற்கப்பட்டது என்பது பதிவேட்டில் இல்லை. 1882 இற் செய்த துவக்கு அவ்வாண்டிலேயே காட்டில் விடப்பட்டது என்று சொல்லிவிடலாமா? தோட்டா அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1887 இற்கு முன் அத்தோட்டா உலகிலேயே இல்லை; எனவே அதன்பின்தான் துவக்கு அம்மரத்தடிக்கு வந்திருக்கவேண்டும். எவ்வளவு காலத்தின்பின் என்பதை எதுவும் சொல்லவில்லை. அறையில் வெடியில்லாதபடியால், பகைவனுக்கோ விலங்குக்கோ அஞ்சி எறிந்துவிட்டு ஓடியவன் என்றும் நினைப்பதற்கில்லை. ஆறுதலாகச் சாய்த்து வைத்தவன் அவன்.

அப்படி வைத்துவிட்டுப் போகத்தக்க அற்பப் பொருளுமன்று. இம்மாதிரித் துவக்குகள் 1873 முதல் 1916 வரை 720,610 செய்யப்பட்டன. மேற்கு நாட்டை வென்ற துவக்கு என்று அமெரிக்கர்கள் பெருமை பேசுவது இதைத்தான். அந்த வெற்றியிலே தம் வேட்டைநிலத்தை இழந்த ஆதிக்குடிகள் அதை எப்பெயரால் அழைத்தார்களோ! முதலில் 50 டொலராக இருந்த விலை 1882 அளவில் 25 டொலராக இறங்கியிருந்தது. அக்காலத்தில் மாட்டுமந்தை ஓட்டுபவன் ஒருவனுக்கு மாதவேதனம் முப்பது நாற்பது டொலர்தான். இதே தோட்டாவைக் கைத்துப்பாக்கியிலும் இடக்கூடியதாக இருந்தபடியால் இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பை போதும். ஏழைக்கு அது பேருதவி. இம்மலையின் மேற்புறத்தில் ஒசியோலா என்னும் இடத்தில் 1872 ஆம் ஆண்டிற் பொன் கண்டார்கள். பொன்னை அரிக்க நீர் போதாமையால் 1889 இலும் 1890 இலும் 18 மைல் வாய்க்கால் ஒன்றை மலையைச் சுற்றி வெட்டினார்கள். அந்த வாய்க்கால் வெட்டியவனோ, மந்தை மேய்த்தவனோ, மான் தேடி வந்தவனோ, எவனாயினும் ஒரு மாத உழைப்பை மரத்தடியில் விட்டுப் போயிருக்கிறான். பூங்காவினர் பழைய புதினத்தாள்களையும் குடும்ப வரலாறுகளையும் ஆராய்ந்தார்கள். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்தி நாடெங்கும் பரவியபோது பலரும் பலவாறு ஊகித்தார்கள். உரியவன் பெயர் கிடைக்கவில்லை.

"மாமா, துவக்கை எப்படி மறக்கலாம்? பேனையெண்டால் மறக்கலாம்," என்றான் மருமகன்.

வேட்டைக்காரரின் மறதி நேற்றுத் தொடங்கியதன்று என்றோம். நோர்வே நாட்டிலே லாங்ஃபோன்னே என்னும் மலைப்பனித் திட்டு அண்மைக் காலத்திற் கரைந்தபோது 68 அம்புகள் வெளிப்பட்டன. கலைமான் வேட்டையாடியோர் எய்து, குறி தவறிப் பனிக்குட் புதைந்து போனவை. அவற்றுட் பழையது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பனியிலே மணிக்கணக்காகத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வீடு சென்றவர்களை நினைத்துப் பார்க்கலாம். ஆயினும் பையனுக்கு இது விடையாகவில்லை. அம்பு தவறிப்போவது வேறு, துவக்கை வைத்துவிட்டு வருவது வேறு என்று அவன் வாதித்தான். அவன் சொன்னதும் சரிதான்.

ஆகவே வெளியிலிருந்த வாங்கொன்றில் அமர்ந்து, அவனுடைய பூட்டனின் கதையைச் சொன்னோம். தங்கைக்குத் தெரிந்த கதைதான். அவள் எழுந்து போய் வண்டியிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தாள். பிறகு அங்கேயே நின்று கேட்டாள்.

நம் தாயாரின் தந்தை வன்னியிலே கமஞ்செய்தவர். காட்டை அடுத்த வயல். காலபோகத்தில் நெல் கதிராகும் நாள்களிற் பரணிலே இராக்காவல் இருந்தாலன்றிப் பன்றிகள் ஒரு மணியும் மிச்சம் வையா. அதற்காக அவரிடம் ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. அனுமதிப் பத்திரம் பெற்ற துவக்கு. ஊரிலிருந்த இடியன் துவக்குகளைப்போல் ஒளித்து வைக்கவேண்டியதன்று. வீட்டிலே தங்கி வேலை செய்த ஓர் இளைஞன் அவருக்குத் துணை. அவனும் தாயாரும் ஒரே பாயிலிருந்து பனங்கிழங்கு தின்றவர்கள் என்று தாயார் சொல்வார்.

1957 ஆம் ஆண்டில் ஓரிரவு, வயலுக்குள் இறங்கிய பன்றியொன்றுக்கு வெடி பட்டது. விழவில்லை. விடிந்ததும் இருவரும் இரத்தம் பார்த்துக் காட்டுக்குட் சென்றார்கள். வெகுதூரம் போய் ஒரு வீரைமரத்தின் அயலில் அது செத்துக் கிடக்கக் கண்டார்கள். பாட்டனார் துவக்கை மரத்திற் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார். இளைஞன் காட்டுத்தடி வெட்டினான். பன்றியின் கால்களைக் கொடியாற் பிணைத்து, தடியிற் கோத்து, முன்னும் பின்னுமாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். பெரிய பன்றி. மூச்சு வாங்குகிறது, பேச்சில்லை. முன்னே செல்பவர் துவக்கு பின்னே வருகிறது என்று நினைத்தார். பின்னே வருபவன் துவக்கு ஐயாவின் மறுதோளில் என்று நினைத்தான். வயல் வரம்பில் இறக்கி வைத்தபோதுதான் துவக்கு இருவரிடமும் இல்லையென்று கண்டார்கள்.

"நான் ஓடிப்போய் எடுத்துவாறன் ஐயா," என்று அவன் தனியே திரும்பி ஓடினான். பாட்டனார் பன்றிக்குக் காவலாக நின்றார். வெயில் ஏறியபின் அவன் வெறுங்கையோடு வந்தான். எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரிகிறது என்றான்.

மூன்று நாள் ஊரே தேடிற்று. கிடைக்கவில்லை. அனுமதிப் பத்திரம் உள்ள துவக்குத் தொலைந்தால் அறிவிக்காமல் இருக்க முடியாது. விதானையார் வந்தார்; எழுதினார். "முதலிலே திரும்பிப் போனது ஆர்?" என்று கேட்டார். "அவன்தான்," என்றார் பாட்டனார். உண்மையைத்தான் சொன்னார். களவென்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவனில்லை, அவன் அப்படிப்பட்டவனில்லை என்ற சொல்லும் வரவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லிவிட்டு நின்றார். இரண்டிரவு அவனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். மூன்றாம் நாட் காலையில் வந்து, திண்ணையிற் கிடந்த தன் சாரத்தையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு படலையைத் திறந்து போனான். தாயாருக்கு அப்போது பத்து வயது. தன்னைத் திரும்பியும் பார்க்கவில்லை என்று இன்றைக்குஞ் சொல்வார்.

1969 ஆம் ஆண்டில் மரந்தறிக்கப் போனவர்கள் அந்தத் துவக்கைக் கண்டெடுத்தார்கள். ஊரார் தேடிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அரை மைலுக்கு அப்பால். நெவாடா மலையிலே வறண்ட காற்று மரப்பிடியைக் காத்துக் கொடுத்திருக்கிறது. நம் வன்னிக் காட்டிற் கறையான் இருக்க அது நடக்குமா? பிடி முழுவதும் மண்ணாகிவிட்டது. கொடியொன்று பின்னிப் பிடித்திருந்தபடியாற் குழல் மட்டும் விழாமல் வீரைமரத்தோடு நின்றது. பாட்டனார் அதைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். இந்தாருங்கள் துவக்கு, அந்தப் பிள்ளையின் பெயரைப் புத்தகத்தில் வெட்டிவிடுங்கள் என்று கேட்டார். அந்தப் புத்தகம் இப்போது இங்கே இல்லையே என்றாராம் அங்கிருந்தவர். பிறகு அவனைத் தேடினார். கந்தளாய்ப் பக்கம் கண்டதாக ஒருவர் சொல்ல அங்கே போனார். திருகோணமலை என்று மற்றொருவர் சொல்ல அங்கும் போனார். இரண்டு முறையும் தனியே திரும்பி வந்தார். அதன்பின் அவர் துவக்கு வாங்கவில்லை. தகரத்தைத் தட்டியே பன்றி துரத்தினார்.

மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "அந்த அண்ணா நல்லாத் தேடியிருக்க மாட்டார்," என்றான் பின்னர். சிறுவர்களிடம் நியாயந் தேடுவது எளிதன்று. எழுந்து வா, பார்ப்போம் என்று மலையடிவாரத்திலிருந்த ஜூனிப்பர்க் காட்டுக்குள் அழைத்துச் சென்றோம். பாதைக்குப் பக்கத்திலே ஒரு மரத்தில் நம் குடையைச் சாய்த்து வைத்தோம். யாழ்ப்பாணத்தில் வாங்கிய கறுப்புக் குடை. வெயிலுக்கு நாம் குடை பிடிப்பதைக் கண்டு அங்குள்ளோர் வியந்தது தனிக்கதை. மருமகன் அடிகளை எண்ணிக்கொண்டு நடக்கவேண்டும். ஐந்து மரத்தைச் சுற்றிவர வேண்டும். பின்னர் வந்த வழியே குடையிடம் திரும்பவேண்டும். இதுவே ஏற்பாடு.

முப்பதடி போனவன் திரும்பிப் பார்த்தான். குடை தெரியவில்லை. எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே முறுக்கு, ஒரே சாம்பல் நிறம், நிழலெல்லாம் கறுப்பு. ஐந்து மரத்தைச் சுற்றியபின் எது முதல் மரமென்பதே அவனுக்கு ஐயமாயிற்று. நாம் சிரித்துக்கொண்டு காட்டப்போனோம். நாமும் தவறான மரத்துக்கே போனோம்! மைத்துனரும் வந்து சேர, மூவருமாகக் கால்மணி நேரம் துழாவினோம். கடைசியிற் பாதையில் நின்ற தங்கை கண்டு சொன்னாள். வீட்டிலே காணாமற் போகும் பொருளெல்லாம் எப்படிக் கிடைக்கின்றன என்பது அறிந்ததே.

குடையை வைத்தபோது நாம் நோக்கியது கீழிருந்து மேலாக. தேடி வந்தபோது மேலிருந்து கீழாக. போகும்போது மரத்தின் ஒரு முகத்தைக் காண்கிறோம், வரும்போது மறுமுகத்தைக் காண்கிறோம். காயம்பட்ட விலங்கைத் தொடர்பவனோ மரத்தைக் காண்பதேயில்லை. அவன் கண்கள் நிலத்திலும் இரத்தத்திலும் இருக்கின்றன. போகும் வழியில் அடிக்கடி திரும்பிப் பார்த்து, வரும் வழியின் தோற்றத்தை மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும் என்று காடறிந்தவர்கள் சொல்வார்கள். பாட்டனாரும் காடறிந்தவர்தாம். தோளிலே பன்றி இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்?

மாலையாகிவிட்டது. மறுபடியும் ஒருமுறை உள்ளே போய்த் துவக்கைப் பார்த்தோம். இம்முறை மரப்பிடியைப் பார்க்கவில்லை. பக்கத்திலே யாரேனும் நின்றிருக்கக்கூடிய இடத்தைப் பார்த்தோம். மலைக்கு வேட்டைக்குப் போகிறவன் பெரும்பாலும் தனியே போவதில்லை.

சோல்ற் லேக் நகருக்குத் திரும்ப நள்ளிரவாயிற்று. இலங்கையில் அப்போது முற்பகல். தாயாருடன் தொலைபேசியிற் பேசினோம். எழுபத்தெட்டு வயதாகிறது, காது சற்று மந்தம். 25 டொலர் விலையையும், ஆஸ்பத்திரிப் படத்தையும், பிடிக்குள் ஒளிந்திருந்த தோட்டாவையும் உரத்த குரலில் ஒன்றுவிடாமற் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது சரி தம்பி, அந்தத் துவக்குக்காரனோடை கூடப் போனவன் ஆரெண்டு ஏதும் எழுதியிருக்கினமோ?" என்றார்.

எழுதவில்லை அம்மா என்றோம். சிறிது நேரம் சத்தமில்லை. பின்பு, தங்கையிடம் கொடு, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கவேண்டும் என்றார்.